நாற்பத்தேழு ஓம்

(சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னை 'நவீன சென்சார்கள்' பற்றி இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஆலைகளில் வெப்பமானி, அழுத்தமானிகளைச் சரிபார்க்கிற வேலையில் இருப்பவன் என்பதால் அப்படிக் கேட்டிருக்கலாம். ஆனால் நான் பேசப் போவது ஒரே ஒரு கேஜ் பற்றி. அதுவும் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காரின் டாஷ்போர்டில் இருக்கிற, தீப்பெட்டி அகலம்கூட இல்லாத டெம்பரேச்சர் கேஜ். குழுவினர் மன்னிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சு என்பதால் சுருக்கமாகவே முடிக்கிறேன்.

கார் எங்கள் வீட்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1970 மாடல், நாலு கதவு. அப்பா 1980-களின் நடுவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதாவது எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது, அந்த வகையில் எனக்கு அண்ணன். இதை 'விண்டேஜ் கார்' என்று சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். 1919-லிருந்து 1930 வரை செய்த வண்டிகளுக்குத்தான் அந்தப் பட்டம், மற்றதெல்லாம் கிளாசிக் என்பார்கள். நம் மத்திய அரசு 2021-ல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியபோது ஐம்பது வயது தாண்டிய வண்டியெல்லாம் விண்டேஜ் என்று சொல்லிவிட்டது. 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட்டும் உண்டு. ஆக, சர்க்கார் கணக்கில் எங்கள் வண்டியும் விண்டேஜ்தான்.

இங்கே இருக்கும் இளைய தலைமுறைக்கு ஒரு வார்த்தை. ஹெரால்ட் நம் ஊர்ச் சரக்கு. வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-லிருந்து செய்தது. மிக்கலொட்டி என்கிற இத்தாலியர் வரைந்த உருவம், 948 சி.சி. இன்ஜின். பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்ந்து, முன்னால் கவிழும். சின்ன வயதில் நான் முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு இன்ஜினை வேடிக்கை பார்ப்பேன். இங்கிலாந்தில் அந்தக் காருக்கு ரெண்டு கதவுதான். குடும்பத்தோடு போகிற நம்மவர்களுக்காக வண்டலூரில்தான் நாலு கதவு வைத்தார்கள். 1972-ல் அதன் தம்பியாக கேஸல் வந்தது. பிறகு 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய கார் விட்டார்கள். அது எடுபடவில்லை. 1988-ல் கார் தயாரிப்பே நின்றுபோனது. அதற்கப்புறம் ஹெரால்ட் வைத்திருந்தவர்கள் எல்லோரும் புதுப்பேட்டையையும் ஜி.பி. ரோட்டையும் நம்பி வாழ்ந்தவர்கள்.

இனி கேஜுக்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, 2007 கடைசியில், வண்டியின் டெம்பரேச்சர் முள் 'எச்' பக்கம் சாய்ந்தே நிற்க ஆரம்பித்தது. மயிலாப்பூரில் கிளம்பி மந்தைவெளி தாண்டுவதற்குள் முள் மேலே. அப்பா ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓரங்கட்டி, முன்பக்கத்தைக் கவிழ்த்து, ரேடியேட்டரைத் தொட்டுப் பார்ப்பார். கொதிக்காது. மறுபடி கிளம்புவார். மறுபடி எச். எங்கள் மெக்கானிக் அண்ணன் நம் ஊரில் எல்லோரும் சொல்கிற வைத்தியத்தைத்தான் சொன்னார்: "சார், நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டிப் போட்டுரலாம்." போட்டார். முள் அசையவில்லை.

"ஏண்டா, இன்ஸ்ட்ருமென்டேஷன்தானே படிக்கிற? என்னன்னு பாரேன்" என்றார் அப்பா.

நண்பர்களே, மூன்றாம் வருட மாணவனுக்கு இதைவிட பெரிய கௌரவம் உண்டா? செமஸ்டர் லீவில் பார்த்தேன். சென்சார் வயரைக் கழற்றினால் முள் 'சி'-க்கு இறங்கியது. வயரை இன்ஜின் உடம்பில் தொட்டால் எச்-சுக்கு ஏறியது. சரி, வயர் நன்றாக இருக்கிறது, கேஜும் வேலை செய்கிறது என்று முடிவு கட்டினேன். (இந்தச் சோதனையில் தெரிவது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வயரை ரொம்ப நேரம் எர்த்தில் பிடித்தால் கேஜ் உள்ளே இருக்கும் சுருள் கருகிவிடும் என்பது கூடுதல் தகவல்.) சென்சார் நன்றாக இருக்கிறதா என்று வெந்நீரில் போட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் நிஜமாக எத்தனை டிகிரி என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. வோல்டேஜ் அளக்கவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஐந்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் ரெசிஸ்டர் வாங்கி வந்தேன். சென்சார் வயரில் வரிசையாக ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். 33 ஓம் போட்டபோது முள் கொஞ்சம் இறங்கியது. 68 போட்டபோது ரொம்ப இறங்கியது. 47 போட்டதும், அச்சு அசலாக நடுவில் வந்து நின்றது. மஞ்சள், ஊதா, கறுப்பு. அரை வாட். மஞ்சள் இன்சுலேஷன் டேப் சுற்றி டாஷ்போர்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, "அப்பா, சரியாயிடுச்சு" என்றேன்.

அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம், "பீஸ் கட்டினதுக்குப் பலன் இருக்கு" என்றார். மயிலாப்பூர்க்காரனுக்கு ஓம் என்றால் கபாலி கோயில்தான் ஞாபகம் வரும். எனக்கு மட்டும் அன்றிலிருந்து வேறு ஞாபகம்.

அடுத்த மே மாதம், 2008, கத்திரி வெயில். அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க அப்பாவும் அம்மாவும் திருவான்மியூர் போனார்கள். திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறு சிக்னலில் அரை மணி நேரம் நெரிசல். அங்கே வண்டி நின்றது. முன்பக்கம் முழுக்க ஆவி. நடுரோட்டில் அம்மா பத்திரிகைப் பையோடு இறங்கி நிற்க, பின்னால் பஸ்காரர் ஹாரன். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், தண்ணீர் ஆயிலில் கலந்திருந்தது. கல்யாணச் செலவு தலைக்கு மேல் இருக்கும் நேரம். ரிப்பேரைத் தள்ளிப் போட்டோம். தள்ளிப் போட்டது பதினாலு வருடம் ஆனது.

எல்லோரும் அப்பாவைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "கேஜைப் பார்க்கலையா?" மெக்கானிக் கேட்டார், மாமா கேட்டார், சம்பந்தி வீட்டார்கூட சிரித்துக்கொண்டே கேட்டார்கள். "முள்ளு நடுவுலதாங்க இருந்துது, கொஞ்சம் மேல, அவ்வளவுதான்" என்பார் அப்பா. யாரும் நம்பவில்லை. 'வயசாயிடுச்சு, கவனம் பத்தலை' என்று ஒரு பேச்சு வீட்டில் உண்டாகிவிட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. கொஞ்ச நாளில் அவரே, "நான்தான் சரியா பார்க்கலையோ என்னவோ" என்று சொல்ல ஆரம்பித்தார். அதன்பிறகு வேறு கார் வாங்கினோம், நான்தான் ஓட்டினேன். அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அன்று சாயங்காலமே எனக்கு அந்த ரெசிஸ்டர் ஞாபகம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. 47 ஓமினால் இன்ஜின் கொதிக்காது, அது கொதித்ததற்குக் காரணம் வேறு, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை என்பதால் பதினாலு வருடம் தாக்குப் பிடித்தது.

2021-ல் அந்த ஐம்பது வருட விதி பற்றி அப்பா பேப்பரில் படித்தார். "டேய், நம்ம வண்டிக்கு இப்ப மதிப்பு வந்துடுச்சு போலிருக்கே" என்றார். முழுதும் படித்துப் பார்த்தால், வி.ஏ. நம்பர் வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரணங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினப்படி உபயோகம் கூடாது. "அப்ப கோயிலுக்குப் போகக் கூடாதா? அந்த நம்பரே வேணாம்" என்று விட்டுவிட்டார். ஆனால் வண்டியைத் தயார் பண்ணலாம் என்ற ஆசை மட்டும் போகவில்லை. 2022 முழுக்க அதில் போனது. ஹெட் ஸ்கிம் பண்ணியது, ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணியது, புதுப்பேட்டையில் வாட்டர் பம்ப் தேடி அலைந்தது எல்லாம் தனிக் கதை. ரேடியேட்டரைத் திறந்தபோது குழாய்களில் பாதிக்கு மேல் உப்புப் படிந்து அடைத்திருந்தது. வருடக்கணக்காக நாங்கள் ஊற்றியது வீட்டு போர் தண்ணீர். தென்சென்னை போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, வாளியைப் பார்த்தாலே தெரியும். கொதித்ததற்கு அதுதான் காரணம்.

கடைசியில் டாஷ்போர்டு. இந்தத் தடவை வேலையை முறைப்படி செய்வது என்று உட்கார்ந்தேன். நம் மெஷர்மென்ட்ஸ் லேபில் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோமே, அந்த முறை.

முதலில் சென்சார். வெந்நீர் ஆக ஆக அதன் மின்தடை குறையும் வகை. அதைக் கழற்றி, அம்மாவின் பழைய பால் பாத்திரத்தில் (இதற்கு அனுமதி வாங்கியது தனிப் போராட்டம்) ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் ஆபீஸிலிருந்து கொண்டு வந்த நல்ல தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டு, அடுப்பை சிம்மில் வைத்தேன். இரண்டும் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் அது நூறு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஊட்டிக்காரருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 30 டிகிரியில் சுமார் 400 ஓம், 60-ல் 140, 85-ல் 68, கொதிநிலையில் 46. அழகான வளைவு. சென்சார் பேரில் குற்றம் இல்லை.

அடுத்து வோல்டேஜ். எங்கள் வண்டியில் இருப்பது மெதுவாக நகரும் வகை கேஜ். உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை, அதன்மேல் ஒரு சூட்டுச் சுருள். சுருளில் கரண்ட் போனால் பட்டை சூடாகி வளையும், முள் நகரும். இதற்கு 12 வோல்ட் நேராகப் போகக் கூடாது. ஓடும்போது பதின்மூன்றரை, நிற்கும்போது பன்னிரண்டு என்று பாட்டரி வோல்டேஜ் ஆடிக்கொண்டிருந்தால் முள்ளும் கூடவே ஆடும். அதனால் நடுவில் ஒரு ஸ்டெபிலைசர். பிரிட்ஜுக்கு வைக்கிறோமே அதே பெயர்தான், ஆனால் இது இரண்டு ரூபாய் நாணயம் அளவு தகர டப்பா. உள்ளே வேலை செய்வது நம் வீட்டு இஸ்திரிப் பெட்டியின் சித்தாந்தம். பட்டை சூடானால் விலகி கரண்டை வெட்டும், ஆறினால் மறுபடி ஒட்டும். இப்படி வெட்டி வெட்டி விடுவதில் சராசரி 10 வோல்ட் ஆகிறது. கேஜ் மந்தமானது என்பதால் அந்தத் துடிப்பு முள்ளில் தெரியாது. ஊசி மல்டிமீட்டர் வைத்தால் ஊசி குதிக்கும், குதிக்க வேண்டும்.

எங்கள் வண்டியில் குதிக்கவில்லை. கல் மாதிரி 12.6 காட்டியது.

அந்தத் தகர டப்பாவுக்கு எர்த், அதன் உடம்பு வழியாகத்தான். ஒரே ஒரு ஸ்குரூ. எப்போதோ டாஷ்போர்டுக்குப் பெயின்ட் அடித்தபோது அதைக் கழற்றி, பெயின்ட் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். எர்த் போய்விட்டால் உள்ளே இருக்கும் பட்டை சூடாகாது, கரண்டை வெட்டாது, பாட்டரி வோல்டேஜ் முழுதும் கேஜுக்கு. முள் எச்-சுக்கு ஏறியது அதனால். இன்ஜின் ஆரோக்கியமாக இருந்தபோதே.

இதில் என்னை வெட்கப்பட வைத்தது வேறு. பெட்ரோல் கேஜுக்கும் அதே ஸ்டெபிலைசர்தான். 2007-ல் அதே மாதங்களில் அப்பா இரண்டு தடவை பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றிருக்கிறார். 'கால் டாங்க் காட்டிச்சு, காலியாயிடுச்சு, பங்க்ல ஏமாத்தறான்' என்று பொருமுவார். இரண்டு கேஜும் ஒரே சமயத்தில், ஒரே திசையில், அதிகமாகக் காட்டினால், இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்பதுதானே நாம் படித்த படிப்பு? சாட்சி இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் சொல்லிக் கொடுத்தவன் ஒருத்தன் என்று போலீஸ்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

இனி அந்த 47 ஓம் என்ன செய்தது என்பதைக் கணக்காகச் சொல்கிறேன். பேப்பர் பென்சில் தேவையில்லை. கேஜின் சுருளும் 68 ஓம், சாதாரண சூட்டில் சென்சாரும் 68 ஓம். முறையான 10 வோல்ட்டில் 73 மில்லி ஆம்பியர் போகும், முள் நடுவில். ஸ்டெபிலைசர் செத்து 13.5 வோல்ட் வந்தபோது, என் 47 ஓமும் சேர்ந்து, அதே 73-ஐக் கொடுத்தது. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டியது, அந்த ஒரே ஒரு புள்ளியில். வண்டியை வாசலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டு, நான் பார்த்த புள்ளி அது.

இப்போது அடையாறு சிக்னலுக்கு வாருங்கள். இன்ஜின் 110 டிகிரி என்று வையுங்கள். சென்சார் சுமார் 36 ஓம். கேஜ் சரியாக இருந்தால் 96 மில்லி ஆம்பியர் போய் முள் எச்-சைத் தொட்டிருக்கும். ஆனால் நிஜத்தில் என்ன நடந்தது? எங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோ. நெரிசலில் இன்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ சார்ஜ் கொடுக்காது, வோல்டேஜ் பன்னிரண்டுக்கு வந்துவிடும். 12 வோல்ட், மொத்தம் 151 ஓம். 79 மில்லி ஆம்பியர். அதாவது 91 டிகிரிக்கு உண்டான இடம். முள் நடுவில், கொஞ்சம் மேலே.

அப்பா சொன்னாரே, 'நடுவுலதாங்க இருந்துது, கொஞ்சம் மேல' என்று. எழுத்து எழுத்தாக அதே.

வண்டி எப்போது அதிகம் சூடாகுமோ, அப்போது பார்த்து முள்ளைக் கீழே இழுக்கிற ஏற்பாட்டை நான் செய்து வைத்திருந்தேன். அந்த ரெசிஸ்டர் இல்லாமல் இருந்திருந்தால் முள் எச்-சிலேயே நின்றிருக்கும். அப்பா வழக்கம்போல மந்தைவெளியிலேயே இறங்கித் தொட்டுப் பார்த்திருப்பார். அன்றைக்குக் கை சுட்டிருக்கும்.

டாஷ்போர்டு வேலையின்போது அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நான் மஞ்சள் டேப் சுற்றியதை வெளியே எடுத்ததும், "இது என்னடா?" என்றார்.

சொன்னேன். முழுதும் சொன்னேன், மில்லி ஆம்பியர் வரைக்கும்.

டார்ச் வெளிச்சம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, "அப்ப நான் சரியாத்தான் பார்த்திருக்கேன்" என்றார். பிறகு, அதே வார்த்தையை அம்மாவிடம் போய்ச் சொல்வதற்காக வண்டியை விட்டு இறங்கினார்.

ரிப்பேர் பாகம் சின்னது. ஸ்குரூ இருந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டித் தனியாக ஒரு எர்த் வயர் போட்டேன். பழைய ஸ்டெபிலைசரின் முனைகள் கருகியிருந்தன. அதனால் அந்த டப்பாவைத் திறந்து உள்ளே 7810 என்கிற மூன்று கால் ரெகுலேட்டர் ஐ.சி.யை வைத்து மூடினேன். மறுபடியும் ரிச்சி ஸ்ட்ரீட். இந்தத் தடவை டீ விலைக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய டப்பாதான். நெகட்டிவ் எர்த் வண்டிக்கு மட்டுமே இது சரிப்படும், பாசிட்டிவ் எர்த் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு போய் அப்படியே செய்துவிட வேண்டாம். தெர்மோஸ்டாட்டையும் திரும்ப வாங்கிப் போட்டேன். அது குளிர்ப் பிரதேச ஆடம்பரம் அல்ல. இன்ஜினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டு வந்து அங்கேயே நிறுத்துவது அதுதான்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள் என்று தெரியும். அவர்களுக்காக ஒன்றிரண்டு. முள் எச்-சில் நின்றால் முதலில் இன்ஜினையும் தொடாதீர்கள், கேஜையும் தொடாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒன்றால் அளந்து பாருங்கள். தூரத்திலிருந்து அளக்கும் இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது உதவாது. அது ஜுரத்தோடு நின்றுவிடும். தொழிற்சாலை வகை வேண்டும். அதையும் பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைவாகக் காட்டும். தெர்மோஸ்டாட் மூடியில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டுங்கள். சென்சார் மரையில் டெஃப்லான் டேப்பை மாலை மாதிரி சுற்றாதீர்கள், அதற்கும் எர்த் மரை வழியாகத்தான். இன்னொன்று. ஏறிக்கொண்டே போன முள் திடீரென்று தானாக இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீர் தீர்ந்து, சென்சார் காற்றில் தொங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம்.

இன்னும் பழைய எம்.ஜி., ஆஸ்டின் வகையறாக்களில் மின்சாரமே இல்லாத கேஜ் இருக்கும். ஒரு பித்தளைக் குமிழில் ஈதர், அங்கிருந்து டாஷ்போர்டு வரை தலைமுடி மாதிரி செப்புக் குழாய். சூட்டில் ஈதரின் ஆவி அழுத்தம் ஏறும், அது ஒரு வளைந்த குழாயை நிமிர்த்தி முள்ளை நகர்த்தும். குழாய் எங்காவது ஒடிந்தால் ஈதர் பறந்துவிடும், கேஜ் செத்துவிடும். வேறொரு மலிவு கேஜின் குமிழையும் குழாயையும் வெட்டி, குமிழை ஐஸும் உப்பும் கலந்த பாத்திரத்தில் முக்கி ஈதரைத் திரவமாகவே பிடித்து வைத்துக்கொண்டு, மறுமுனையைப் பழைய கேஜோடு ஈயம் வைத்து ஒட்டுவார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. ஆனால் ஈதர் குபீரென்று பற்றிக்கொள்ளும் பொருள். சாதாரணமாக வீட்டில் செய்கிற காரியம் அல்ல.

அதற்கும் முன்னால் டாஷ்போர்டில் கேஜே கிடையாது. ரேடியேட்டர் மூடியின் உச்சியில் சாமி கிரீடம் மாதிரி ஒரு தெர்மாமீட்டர். அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்று 1910-களில் கிளம்பியது. டிரைவர் கண்ணாடி வழியாகச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். அதுவும் தண்ணீரை அளக்கவில்லை, தண்ணீருக்கு மேலே உள்ள ஆவியைத்தான் அளந்தது. சென்னையில் முதன்முதலாகக் கார் ஓட்டியவர் பாரி கம்பெனியின் யார்க் என்கிற துரை, அடையாறு பக்கமிருந்து பாரி முனைக்கு தினம் ஆபீஸ் போனாராம். அவருக்கு எந்த முள்ளும் இருந்திருக்காது. மூக்குதான் கேஜ்.

எங்கள் வண்டியின் முதல் நீண்ட ஓட்டம் 2023 அக்டோபரில். எஃப்.சி. எல்லாம் முடித்து ஆர்.சி. புதுப்பித்திருந்தோம். லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டியிருந்ததால் ஆழ்வார்பேட்டை சுற்றி தி.நகர் போனோம். தீபாவளிக்கு முந்தைய பனகல் பார்க்! நான் ஓட்டுகிறேன், அப்பா பக்கத்தில். கால் மணியில் அம்பது அடி நகர்ந்திருப்போம். முள் நடுவை விட்டு மேலே கிளம்பியது. நான் உள்ளுக்குள் ரிப்பேரை நொந்துகொண்டேன். 'ஐ.சி. சூடாயிடுச்சோ? எர்த் விட்டுப் போச்சோ?' என்றுதான் ஓடியது புத்தி. அதாவது, மறுபடியும் கேஜைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்பா, "ஓரமா நிறுத்து" என்றார்.

"இல்லப்பா, கேஜ்ல ஏதோ..."

"முள்ளு ஏறுதுடா. நிறுத்து."

ஒரு பாத்திரக் கடை வாசலில் நிறுத்தி, கடைக்காரர் முறைப்பதைப் பார்க்காதது போல முன்பக்கத்தைக் கவிழ்த்தேன். கறுப்பு டேப்பில் இன்ஃப்ரா ரெட்டைக் காட்டினேன். 101. முள்ளும் அங்கேதான் காட்டியது. ஃபேன் பெல்ட் புதுசு, ஓடின ஓட்டத்தில் நீண்டு தொளதொளவென்று ஆகியிருந்தது. இன்ஜினை ஆற விட்டு, டைனமோவைத் தள்ளி பெல்ட்டை இறுக்கி, அரை மணியில் கிளம்பினோம். முள் நடுவுக்கு இறங்கி அங்கேயே நின்றது. சைதாப்பேட்டை வழியாக அடையாறு, அங்கிருந்து திரு.வி.க. பாலம். பாலம் ஏறுவதற்கு முன்னால் அப்பா, "இறங்கு, நான் ஓட்டறேன்" என்றார். பதினைந்து வருடம் கழித்து.

இப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. இன்றைக்கு என்னை இங்கே கொண்டுவந்து விட்டதும் அவர்தான். வண்டி வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்க்கலாம். கிளவ் பாக்ஸைத் திறந்தால் ஒரு பழைய மாத்திரை டப்பா இருக்கும், அதற்குள் மஞ்சள் டேப்போடு அந்த 47 ஓம். அதை நான் தூக்கிப் போடப் போனேன், அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டார். கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி, 'என் பையன் மூணாவது வருஷம் படிக்கும்போது பண்ணினது' என்று சொல்வார். பெருமையாகச் சொல்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் கேட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.